ஒரு மரமும் சாகாத வருஷம்

மர ஆராய்ச்சி நிலையத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் டேப்பக்கா. அளவெடுக்கும் மாதங்களில் டேப் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும். அதோடேயே பஸ் ஏறி, அதோடேயே காய்கறி வாங்கி, வீட்டுக்குள் வந்தபிறகுதான் கழற்றி ஆணியில் மாட்டுவாள். ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "சட்டை தைக்கக் கொடுத்தா எத்தனை நாள்ல கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"நான் மரத்துக்குத்தாங்க அளவெடுப்பேன். தைக்கத் தெரியாது."

அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

வேலை அதுதான். ஊருக்கு வெளியே உள்ள மலைச்சரிவில் காட்டைப் பிரித்துப் போட்ட எட்டுக் கட்டங்கள். அவற்றில் இருந்தவை எல்லாம் ஒரே சாதி மரம். அதிகாரிகள் வாயில் நுழையாத ஒரு நீளப் பெயரைச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது வெள்ளைப்பட்டை. ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகர வில்லை, அதில் ஒரு எண், நெஞ்சு உயரத்தில் சுற்றிலும் ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு. வருஷா வருஷம் அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்றி, சுற்றளவை மில்லிமீட்டர் சுத்தமாகப் படிவத்தில் எழுத வேண்டும். உச்சியில் இலை எவ்வளவு என்று அண்ணாந்து பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். படிவத்தின் கடைசிக் கட்டம் 'இறந்தது'. அதில் டிக் அடித்தால் அடுத்த வருஷம் அந்த மரத்திடம் போகத் தேவையில்லை. முதன்முதலில் வில்லை அடித்தபோது நானூற்றுப் பன்னிரண்டு மரம். இருபத்தேழு வருஷம் கழித்து இருநூற்று எட்டு.

ஏன் சாகின்றன என்பதற்கு நிலையத்தில் காரணப் பஞ்சமே கிடையாது. அவள் சேர்ந்த காலத்து அதிகாரிக்கு ஆடுகள்தான் எதிரி. கன்றுகளைக் கடித்துவிடுகின்றன என்று சுற்றிலும் வேலி போட வைத்தார். ஆடு நின்றது. மான் தாண்டிக் குதித்து உள்ளே வந்தது. அடுத்து வந்தவர் வேரில் பூஞ்சை என்றார். அவளும் நாலு பேரும் சேர்ந்து ஒரு கோடை முழுக்கச் சுண்ணாம்பைச் சுமந்து கொட்டினார்கள். மூன்றாமவர் பட்டைக்குள் வண்டு என்று சொல்லிக் கிளைக்குக் கிளை பசைத் தாள் தொங்கவிட்டார். வண்டு மாட்டவில்லை, இரண்டு குருவி மாட்டின. அதற்குப்பின் மழை குறைந்ததுதான் காரணம் என்று ஒருவர் வந்தார். அவரிடம் அதற்கு மருந்து எதுவும் இல்லாததால் அவர் காலத்தில் வேலை கொஞ்சம் குறைவு. டீ போடுகிறவர் மட்டும் முதல் நாளிலிருந்து ஒரே கட்சி: "வயசாச்சு, போகுது. இதுக்கு எதுக்கு இத்தனை ஃபைலு?"

டேப்பக்கா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. வேலி என்றால் வேலி, சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்பு. ஒரு மரம் பட்டுப்போயிருந்தால் நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே பச்சை இல்லை என்று பார்த்து, டிக் அடித்து, அடுத்த மரத்துக்கு நடப்பாள். "மனசுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "பழகிடுச்சு" என்பாள். அது உண்மை இல்லை. பழகுவதற்கு முதலில் கஷ்டம் என்று ஒன்று தெரிய வேண்டும். அவளுக்குப் பத்தொன்பது வருஷமாக எதுவுமே அப்படித் தெரியவில்லை. ஊசி போடுமுன் பல் டாக்டர் ஈறில் தடவுகிற மருந்து மாதிரி ஏதோ ஒன்று உடம்பு முழுக்கத் தடவியிருந்தது.

இருபத்தேழாவது வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால் காவலாளி முதல் நாளே தன் முழங்கால் வலியைச் சொல்லி மாத்திரை கேட்டார். "ஐயா, நான் மர டாக்டர்" என்றாள். "வலிக்குதுன்னு மரம் சொல்லவா போகுது? உங்களுக்கு ராஜயோகம்" என்று சொல்லிவிட்டு அவர் கேட்டைத் திறந்தார்.

மர டாக்டர் எட்டு மாதம் பழைய படிவங்களோடு குடித்தனம் நடத்தினாள். பீரோ பீரோவாக இருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஒருநாள் மதியம் டேப்பக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"இங்க பாருங்கக்கா. இது மொத்த மரமும் வருஷத்துக்கு எவ்வளவு வளர்ந்ததுங்கற கோடு. மெதுவா, மெதுவா, ஒழுங்காப் போகுது. பத்தொன்பது வருஷம் முன்னாடி பாருங்க, அருமையான வருஷம். ஒரு மரம்கூடச் சாகலை. அடுத்த வருஷம் பாருங்க."

கோடு அங்கே சுவரிலிருந்து விழுந்த மாதிரி நேராகக் கீழே போயிற்று.

"வளர்ச்சியே இல்லை. சில மரம் சுருங்கியே இருக்கு. பதினேழு மரம் ஒரே வருஷத்துல போயிருக்கு. அந்த வருஷம் தொடக்கத்துல என்ன வந்துச்சு தெரியுமா? அடிவாரத்துல தண்ணி உறிஞ்சற நிலையம்."

மலையடிவாரத்தில் ஆழ்குழாய்கள் இறக்கி, ராட்சத பம்புகள் வைத்து, நகரத்துத் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையம் அது. அது வந்தபிறகு கீழே உள்ள தெருக்களில் கிணறுகள் வற்றின. அவற்றுக்காக ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்திருந்தது. மரங்களைப் பற்றிய அறிக்கை போனால் பம்புகளில் பாதியையாவது நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆராய்ச்சி நிலைய அதிகாரி அன்று மகிழ்ச்சி தாங்காமல் தன் கைக்காசில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

"இவ்வளவு சுத்தமான ஆதாரம் கிடைக்கறது அபூர்வம்க்கா. எல்லாம் உங்க கை" என்றாள் டாக்டர்.

டேப்பக்கா பிஸ்கட்டைத் தின்றாள். அது இனிப்பா உப்பா என்று பிறகு யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

பத்தொன்பது வருஷம் முன்னால் அவள் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு வருஷமும் படிவங்களை ஒப்படைத்தால்தான் அடுத்த வருஷத்துக்கு வேலை நீட்டிக்கப்படும். அவள் புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஒரு காலை ஏழு மாடிக் கட்டடத்தில், கதவு திறந்திருந்தது, லிஃப்ட் வேறு மாடியில் இருந்தது. கட்டட மேலாளர் போன் செய்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி, வர்றேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த நாலு துணியையும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினாள். அதற்காகத் தன்னைப் பிறகு வெறுக்கலாம் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை.

நாலு வாரம் கழித்து அளவெடுக்கும் பருவம் தொடங்கியது. மலைக்குப் போனாள். முதல் கட்டத்து முதல் மரத்தைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோகக் கைகளை விரித்தாள். மரத்தை அணைக்கிற மாதிரி நின்றால்தான் டேப்பின் மறுமுனை கைக்கு வரும். அங்கேயே அப்படி நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் போகவில்லை. ஐந்து வாரம் போகவில்லை.

வீட்டில் இருந்தது அவளும் புருஷனின் தங்கையும். தங்கைக்கு அப்போதே முப்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அண்ணன் வைத்த 'பாப்பா'தான் நிலைத்தது. பழைய துணி திருத்தித் தைக்கும் கடையில் வேலை. ஒப்படைக்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் பாப்பா கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலித் தாள்களையும் முந்தின வருஷப் பிரதிகளையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"நான் வாசிக்கறேன் அண்ணி. நீங்க எழுதுங்க."

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்த நாலு மதியங்கள். பாப்பா மரத்தின் எண்ணையும் பழைய சுற்றளவையும் வாசிப்பாள். அதற்கு முந்தின வருஷம் அது எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவையே இவள் கூட்டி எழுதுவாள். முன்னூற்று எழுபத்தொரு மரம். 'இறந்தது' கட்டத்துக்கு வரும்போதெல்லாம் பாப்பா கொஞ்சம் நிறுத்துவாள். வழக்கமாக வருஷத்துக்கு ஐந்தாறு டிக் விழ வேண்டும். ஒன்றுகூட இல்லாவிட்டால் கண்ணுக்கு உறுத்தும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்க அவளால் முடியவில்லை. பாப்பாவும் வற்புறுத்தவில்லை. அப்படித்தான் அந்த வருஷம் ஒரு மரமும் சாகவில்லை.

அடுத்த வருஷம் ஒழுங்காகப் போய் அளந்தாள். இரண்டு வருஷத்துக் குறைவும் இரண்டு வருஷத்துச் சாவும் ஒரே படிவத்தில் விழுந்தன. அப்போது யாரும் கேட்கவில்லை. வேலை நிரந்தரமாயிற்று.

கோட்டைப் பார்த்த அன்று சாயங்காலம் அவள் பாப்பாவிடம் சொன்னாள். பாப்பா ஒரு பேன்ட்டின் கால்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திறக்காதீங்க அண்ணி. உங்க பொய்யால நல்லது நடக்கப்போகுது. நடந்துட்டுப் போகட்டுமே."

"பம்புதான் காரணம்னு நமக்குத் தெரியாதே."

"இல்லைன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்புறம் என்ன? இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. இப்பப்போய் தலையைக் கொடுப்பாங்களா யாராவது?"

 ஒன்பது நாள் அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் தூக்கம் கெட்டது, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் கிடையாது. நன்றாகத் தூங்கினாள், நேரத்துக்குச் சாப்பிட்டாள். பத்தாம் நாள் டாக்டர் ஒரு தாளை நீட்டினாள்.

"குழுவுக்கு ஒரு உறுதிமொழி வேணுமாம்க்கா. 'இந்த எல்லா வருஷமும் நானே நேரில் போய் அளந்தேன்'னு. இங்க ஒரு கையெழுத்து."

டேப்பக்கா பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"ஒரு வருஷம் நான் போகலை."

"எந்த வருஷம்?"

"நீங்க அருமையான வருஷம்னு சொன்னீங்களே, அது."

டாக்டர் சிரிக்கப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "சில மரத்துக்குப் போகலையா?"

"எதுக்கும் போகலை. வீட்ல உட்கார்ந்து எழுதினேன். முந்தின வருஷ வளர்ச்சியைக் கூட்டிக் கூட்டி."

"ஏன்?"

"என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாரு."

காலண்டரில் தேதி சொல்கிற குரலில் சொன்னாள். டாக்டர் லேப்டாப்பை மெல்ல மூடினாள். ஜன்னலுக்கு வெளியே காவலாளி யாரோடோ வண்டி நிறுத்துவதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசம்க்கா" என்றாள் டாக்டர். "எட்டு மாசம் இதுலயே உட்கார்ந்தேன். மொதல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப கீழே இருக்கற ஜனங்களுக்கு நான் என்ன சொல்ல?"

டேப்பக்கா கையெழுத்துப் போடாத தாளை மேஜையில் நேராக வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குக் கண்ணாடிக்கு அந்தப்புறம் நடந்த மாதிரிதான். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மூன்று வரியில் பதில் எழுதினாள். அவளைத் தபால் பிரிவில் போட்டார்கள். உறைகளில் முத்திரை குத்தினாள். டீ போடுகிறவர் கிளாஸைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் மச்சான் வீட்டுக் கிணறும் வற்றின கிணறுகளில் ஒன்று. டேப்பக்கா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. "தபால்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். குழுவுக்குப் போக வேண்டிய அறிக்கைக்கு டாக்டர் மூன்று மாதம் தவணை கேட்டு வாங்கினாள் என்று காதில் விழுந்தது.

ஒருநாள் டாக்டர் தபால் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு இரும்புக் கருவி. ஒல்லியான குழாய், முனையில் திருகு, மேலே கைப்பிடி.

"இதை மரத்துல திருகினா உள்ளேயிருந்து பென்சில் மாதிரி ஒரு துண்டு வரும். வருஷத்துக்கு ஒரு வளையம். தாள்ல இல்லாத வருஷம் மரத்துல இருக்கும்ல? பாதி வில்லை துருப்பிடிச்சு எண்ணே தெரியலை. எந்த மரம் எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். வருவீங்களா?"

"அதிகாரி கிட்டக் கேட்டீங்களா?"

"சண்டையே போட்டேன்."

பதினோரு நாள் மலையில் சுற்றினார்கள். நாற்பது மரம். டேப்பக்கா வழி காட்டினாள், கருவியின் கைப்பிடியை மாறிமாறித் திருகினார்கள். மரத்துக்கு வலிக்குமா என்று டாக்டரும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. துண்டுகளைக் காயவைத்து, மரச்சட்டத்தில் ஒட்டி, வழவழவென்று தேய்த்து, லென்ஸுக்கு அடியில் வைத்தபோது டாக்டர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"கோடு விழுந்துச்சே, அந்தச் சுவரே இல்லைக்கா" என்றாள் கடைசியில். "சரிவுதான். பம்பு வர்றதுக்குப் பதினாலு வருஷம் முன்னாடியே வளையம் ஒடுங்க ஆரம்பிச்சுடுச்சு. பம்பு வந்தப்புறம் கீழ் மூணு கட்டத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் வேகமா ஒடுங்குது. மேல அஞ்சுல வித்தியாசமே இல்லை."

"அப்ப பம்பு இல்லையா?"

"பம்பும்தான். மழையும்தான். வேர்ல பூஞ்சை இருக்கறதும் நிஜம். எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே வயசு, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பெரிய மரம் சாகறதைத்தான் எல்லாரும் எண்ணினோம். கீழே கன்று ஏன் வரலைன்னு படிவத்துல ஒரு கட்டமே கிடையாது. மானா, நிழலா, விதையே முளைக்கறதில்லையா, தெரியலை. எது எவ்வளவுன்னு கேட்டா என்னால சொல்ல முடியாது."

பிறகு ஒரு துண்டை லென்ஸுக்கு அடியில் நகர்த்திவைத்து, "உங்க வருஷத்தைப் பார்க்கறீங்களா?" என்று கேட்டாள்.

டேப்பக்கா குனிந்து பார்த்தாள். டாக்டர் ஊசி நுனியால் காட்டிய இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. இருபுறமும் இருந்த கோடுகளும் ஒல்லிதான். இது இன்னும் கொஞ்சம் ஒல்லி. "இது நல்ல வருஷம் இல்லை" என்றாள். "இல்லைக்கா" என்றாள் டாக்டர். டேப்பக்கா நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லென்ஸில் உற்றுப் பார்த்ததில் நீர் கோத்திருந்தது, அவ்வளவுதான்.

அறிக்கை போயிற்று. 'சாத்தியமான காரணங்கள்' என்று ஆறு. காணாமல்போன வருஷத்தைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு, பேர் சொல்லாமல். ஆறு காரணம் இருந்தால் எதையும் நிறுத்தத் தேவையில்லை என்பது குழுவின் எண்ணம் போலிருந்தது. கீழ்க் கட்டங்களுக்கு அருகில் இருந்த இரண்டு குழாய்களை மட்டும் மூடச் சொன்னார்கள். மற்றவை ஓடுகின்றன. கிணற்றுக்காரர்கள் வேறு வழக்குப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் தலைமை அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும்போது டேப்பக்காவின் தோளைத் தொட்டாள். மன்னித்தாளா என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

அன்று வீட்டில் பாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாம சாகவிடாம வெச்சதெல்லாம் அப்பவே செத்துத்தான் போயிருக்கு."

"எட்டு மரம் செத்திருக்கும்னு சொல்றாங்க."

பாப்பா அழ ஆரம்பித்தாள். சின்ன அழுகை இல்லை. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, அண்ணா அண்ணா என்று, பத்தொன்பது வருஷம் முன்னால் அழுததைவிட அதிகமாக. டேப்பக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கை தடவியது. மனசு தூரத்தில் எங்கோ மரத்துக் கிடந்தது. நாமும் அழுதால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் புதுசு.

அடுத்த பருவத்துக்குப் புது ஆள் கிடைக்கவில்லை. வந்த இருவரும் முதல் வாரமே சரிவைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். அதிகாரி அவளைக் கூப்பிட்டு, "நீங்களே போங்க. ஆனா கூட ஒருத்தர் வருவார், ஒவ்வொரு தாள்லயும் ரெண்டு கையெழுத்து" என்றார். கூட வந்தது ஜீப் ஓட்டுநர். "வண்டி ஓட்ட வந்தவனை மலை ஏற வெச்சுட்டாங்களே" என்று முதல் கட்டம் வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

படிவத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்திருந்தது: கன்றுகள். மரங்களுக்கு அடியில் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, முட்டிபோட்டுத் தேட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் விரல் நீளத்துக்கு ஒன்று கிடைத்தது. மூன்றாம் கட்டத்தில் ஒன்றும் இல்லை. நாலாவதில் இரண்டு; ஒன்றின் நுனி கடிபட்டிருந்தது.

"இதையும் எழுதணுமா?" என்று ஓட்டுநர் கேட்டார். "பிழைக்கறது சந்தேகம்."

"இருக்கில்ல. எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஓட்டுநர் தாளை நீட்டினார். அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டாள். இருவரும் அடுத்த சதுரத்துக்குக் கயிற்றை இழுத்தார்கள்.